பழைய புல்லட் 350-ஐ பாபராக மாற்றுவது: முதல்முறை செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

இங்குள்ள பதில்கள் வலது காலில் கியர் உள்ள, காஸ்ட் அயர்ன் இன்ஜின் கொண்ட பழைய புல்லட் 350-க்கானவை: 346 சி.சி., 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம். 1955-இல் சென்னையில் உற்பத்தி தொடங்கிய இந்த வண்டியின் அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதனால் ஸ்பேர் கிடைக்கிறது, வேலை தெரிந்த மெக்கானிக்கும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதல் பாபருக்கு இதைவிடத் தோதான வண்டி நம்மூரில் இல்லை.

பாபருக்கும் சாப்பருக்கும் என்ன வித்தியாசம்?

1930, 40-களில் அமெரிக்காவில் ஹார்லி, இந்தியன் போன்ற கனமான வண்டிகளை வைத்திருந்தவர்கள், வேகத்துக்காகத் தேவையில்லாத எடையைக் கழற்றி எறிந்தார்கள். முன் மட்கார்டு போனது, பின் மட்கார்டு குட்டையானது, பின் சீட் போனது. சேசிஸையும் ஃபோர்க் கோணத்தையும் யாரும் தொடவில்லை. அதுதான் பாபர். சாப்பர் பின்னால் வந்தது. அதில் சேசிஸையே வெட்டி, கழுத்தைச் சாய்த்து, நீளமான ஃபோர்க் போடுவார்கள்.

கழற்றுவதுதான் பாபரின் அடிப்படை. எதையாவது வாங்கி மாட்ட வேண்டும் என்று கை பரபரக்கும்போதெல்லாம், கழற்ற இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எப்படிப்பட்ட வண்டியை வாங்கலாம்?

பேப்பர் சரியாக உள்ள வண்டியை வாங்குங்கள். இன்ஜின் மோசமாக இருந்தால் செலவு செய்து சரிசெய்துவிடலாம். பேப்பர் மோசமாக இருந்தால் எவ்வளவு செலவழித்தாலும் வண்டி ரோட்டுக்கு வராது. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், கிரைண்டர் தடம், வரிசை கோணலான எழுத்து என்று எதைப் பார்த்தாலும் விலகிவிடுங்கள். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். கடன் நிலுவை ஆர்.சி.யில் இருந்தால் அது நீங்கியதா என்று பாருங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை மூன்று. சேசிஸ் நேராக இருக்கிறதா: வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். ஸ்விங் ஆர்மை (பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் இரட்டைக் கை) பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக்கூடாது. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

இது சட்டப்படி சரியா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4)-இன்படி, விதியை மீறி மாற்றினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சேசிஸை வெட்டுவது, பின் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு ஹார்ட்டெயில் வெல்டு செய்வது, வேறு இன்ஜின் வைப்பது ஆகியவை நேராக இதில் மாட்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று மத்திய மோட்டார் வாகன விதி 123. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் காப்பு (நாம் சாரி கார்டு என்பது) இவை இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சிங்கிள் சீட் போட்டால் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். ஆர்.சி.யில் இருக்கை 2 என்றுதான் இருக்கும். எனவே வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் கிளெய்ம் சிக்கலாகும்.

இந்தப் பக்கம் முழுக்க போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய முறையையே சொல்வதற்குக் காரணம் இதுதான். கழற்றிய பாகம் ஒன்றையும் விற்காதீர்கள். திரும்ப மாட்டினால் வண்டி பழைய நிலைக்கு வர வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது?

இன்ஜினிலிருந்து. அழகுபடுத்திய பிறகு இன்ஜினைப் பிரித்தால் புதுப் பெயின்ட் முழுக்க ஸ்பேனர் கீறல்தான் மிஞ்சும். வரிசை இப்படி இருக்கட்டும்: இன்ஜின், கிளட்ச், பிரேக் வேலைகளை முடித்து வண்டியை அப்படியே ஓட்டிப் பாருங்கள். பிறகு மட்கார்டு, சீட், சக்கரம் எல்லாவற்றையும் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பிலேயே மாட்டுங்கள். அந்தக் கோலத்திலேயே இருநூறு கிலோமீட்டராவது ஓட்டுங்கள். எங்கே உரசுகிறது, எது விரிகிறது, எந்த பிராக்கெட் அதிர்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். எல்லாம் சரியென்றான பின் கழற்றி பெயின்ட் அடித்து மாட்டுங்கள். பாதியில் நின்று போன வண்டிகளில் பெரும்பாலானவை பெயின்டை முதலில் அடித்தவை.

இன்ஜினில் அடிப்படைச் சோதனைகள்: சி.பி. பாயின்ட் (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் தொடுமுனை) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டேப்பட்டை (வால்வு இடைவெளியை) இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்க வைத்துப் பாருங்கள். புஷ்ராடு விரலில் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது. எண்ணெய் 20டபிள்யூ-50.

சேசிஸை வெட்டாமல் பாபர் தோற்றம் வருமா?

வரும். புல்லட்டில் இது ஒரு வரப்பிரசாதம். சேசிஸ் குழாய்கள் பின் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட் அருகிலேயே முடிந்துவிடுகின்றன. அதற்குப் பின்னால் மட்கார்டைத் தாங்கும் குழாய்கள் போல்ட்டில் மாட்டியவை. கழற்றினால் பின்பக்கம் காலியாகிவிடும். கிரைண்டரை எடுக்கவே வேண்டாம்.

பின் மட்கார்டை எப்படி வெட்டி மாட்டுவது?

இந்த வேலையில் அதிகம் தப்பு நடக்கும் இடம் இதுதான். முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: மட்கார்டை சேசிஸில் மாட்டுவதா, ஸ்விங் ஆர்மில் மாட்டுவதா?

சேசிஸில் மாட்டினால் டயர் மேலே எழும்ப இடம் விட்டாக வேண்டும். மட்கார்டு டயருக்கு மேலே உயரமாக நிற்கும். பாபரின் தோற்றம் வராது. ஸ்விங் ஆர்மில் மாட்டினால் மட்கார்டு டயரோடு சேர்ந்து ஏறி இறங்கும். டயரை ஒட்டினாற்போல வைக்கலாம். ஆனால் ரோட்டின் ஒவ்வொரு அடியும் ஷாக் அப்சார்பர் வழியாக வராமல் நேராக மட்கார்டில் விழும். தகடும் தாங்கிகளும் கனமாக இல்லாவிட்டால் சில மாதங்களில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விழுந்துவிடும்.

தோற்றத்துக்காக ஸ்விங் ஆர்ம் முறையைத் தேர்ந்தெடுத்தால் தகடு 16 கேஜுக்கு, அதாவது 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. தாங்கிக் கம்பி 12 மி.மீ. கனக் கம்பியாக இருக்கட்டும். ஒவ்வொரு துளைக்கும் உள்பக்கம் அகலமான வாஷர் அல்லது சிறு தகட்டுத் துண்டு வைத்து, எம்8 (8 மி.மீ.) போல்ட்டும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தளராத நட்டு) போடுங்கள். போல்ட் தலை டயர் பக்கமும் நட்டு வெளியேயும் வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் போல்ட் நுனி டயரைக் கிழித்துவிடும். முன்பக்கம் ஸ்விங் ஆர்மின் குறுக்குக் குழாயில் ஒரு பிடிப்பு, மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாங்கி: மூன்றுக்குக் குறைந்தால் ஆடும்.

இடைவெளி எடுக்க எளிய வழி உண்டு. செயின் அட்ஜஸ்டரை அதன் ஓட்டத்தில் நடுவில் வையுங்கள். செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸை, வெளி விட்டம் 20 மி.மீ. உள்ளதாகப் பார்த்து, டயர் மேல் நடுக்கோட்டில் சுற்றி டேப் ஒட்டுங்கள். மட்கார்டை அதன்மேல் உட்கார வைத்தால் முழு வளைவிலும் ஒரே இடைவெளி கிடைக்கும். அப்படியே கயிற்றால் கட்டிவிட்டு, வண்டியிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். வெட்ட வேண்டிய இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்து ஓர் இரவு விடுங்கள். முதல் வெட்டை நினைத்ததைவிட இரண்டு அங்குலம் நீளமாகவே போடுங்கள். குறைப்பது எளிது, சேர்ப்பது டிங்கரிங் வேலை.

மட்கார்டை மிகக் குட்டையாக வெட்டினால் மழையில் சேற்று நீர் முதுகு முழுக்க வரும். பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மாட்ட இடமிருக்காது. பின் ஆக்சிலுக்கு நேர் மேலிருந்து குறைந்தது ஒரு சாண் பின்னால் தள்ளி முடிவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஸ்பிரிங் வைத்த சிங்கிள் சீட்டை எதில் மாட்டுவது?

முன்பக்கம் ஒரு கீல், பின்பக்கம் இரண்டு காயில் ஸ்பிரிங். கீலுக்கான பிராக்கெட்டைச் சேசிஸ் குழாயில் வெல்டு செய்யாமல், ரப்பர் வைத்த கிளாம்பில் மாட்டுங்கள். ஸ்பிரிங்கின் கீழ் முனைக்கு 5 மி.மீ. தகட்டில் ஒரு குறுக்குப் பட்டை செய்து, பழைய சீட் போல்ட் துளைகளில் மாட்டலாம்.

மாட்டியதும் இரண்டு பேர் சேர்ந்து சீட்டை முழுக்க அழுத்துங்கள். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் நிலையிலும் சீட்டின் அடித்தகடு பேட்டரி டெர்மினலையோ மட்கார்டையோ தொடக்கூடாது. பேட்டரி டெர்மினலைத் தொட்டால் ஷார்ட் ஆகி வயரிங் எரியும். ரப்பர் மூடி போட்டிருக்கிறோம் என்று இதில் சமாதானம் ஆகாதீர்கள்.

பின்னால் தடித்த டயர் போடலாமா? எது வரை?

முதலில் உயரக் கணக்கு. 3.25-19 டயரின் வெளி விட்டம் ஏறத்தாழ 648 மி.மீ. 130/90-16 போட்டால் 640. வித்தியாசம் 8 மி.மீ.தான் என்பதால் கியர் விகிதத்திலோ வண்டி உயரத்திலோ மாற்றம் தெரியாது. 130/90-15 என்றால் 615. ஆக்சில் 16 மி.மீ. இறங்கும், அதே வேகத்துக்கு இன்ஜின் 5 சதவீதம் அதிகம் சுற்றும்.

உயரம் பிரச்சினை இல்லை, அகலம்தான் பிரச்சினை. சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து செயினின் உள்பக்கம் வரை அளந்து பாருங்கள். அந்த அளவு டயர் அகலத்தின் பாதியைவிட 8 மி.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்விங் ஆர்மின் இரு கைகளுக்கும் இதே கணக்கு. இடம் போதாதபோது சக்கரத்தைச் சற்றே ஒரு பக்கம் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். முன் பின் சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லாத வண்டி, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும்.

முதல்முறை செய்பவர் 4.00-18 போடுவது நல்லது. அகலம் ஏறத்தாழ 102 மி.மீ., பார்வைக்கும் தடிமனாகத் தெரியும். இதன் விட்டம் 660 என்பதால் பின்பக்கம் 6 மி.மீ. உயரும். வேறு அளவு ரிம் கோர்க்கும்போது ஸ்போக்ஸ் நீளம் மாறும். பழைய ஸ்போக்ஸை வெட்டித் திரித்துப் போடாமல் புதுசு வாங்குங்கள். பழைய சக்கரத்தைப் பிரிக்கும் முன் ஹப்பின் விளிம்பிலிருந்து ரிம் விளிம்பு வரையுள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். அந்த ஆஃப்செட் தெரியாமல் கோர்த்த சக்கரம் கோட்டம் இல்லாமல் சுற்றினாலும் நடுவில் நிற்காது. டியூபும் டயர் அளவுக்கே வாங்க வேண்டும்.

பின் ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கினால் என்ன ஆகும்?

1,370 மி.மீ. வீல்பேஸில் பின்பக்கம் 24 மி.மீ. இறங்கினால் ஃபோர்க் கோணம் 1 டிகிரி சாயும். ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமாகும், அது பழகிவிடும். பழகாதவை வேறு. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றவே முடியாது. சைடு ஸ்டாண்டில் வண்டி செங்குத்தாக நின்று, மேடான பக்கம் இருந்தால் மறுபுறம் சாயும். ஸ்பீடு பிரேக்கரில் சென்டர் ஸ்டாண்டும் சைலன்சரும் இடிக்கும். நம்மூர்ச் சாலைகளுக்கு 25 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம். இறக்கினால் ஸ்டாண்டையும் அதே அளவு குறைத்து, செயின் தளர்வை ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் மறுபடி பாருங்கள்.

முன்பக்கம் எதையெல்லாம் கழற்றலாம்?

கொஞ்சம்தான். ஸ்டாண்டர்டு மாடலில் ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள அலுமினிய வார்ப்பு அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஃபோர்க் குழாய்களின் மேல்முனையைப் பிடித்திருப்பதே அதுதான். தனி ஹெட்லைட் வேண்டுமென்றால் ஃபோர்க் குழாய்களை மேலே பிடிக்கும் யோக் தகடு தனியாக வேண்டும். முதல் வண்டியில் அந்த வார்ப்பை விட்டுவிடுங்கள். பாபருக்கு அது பொருந்தாது என்பவர்கள் உண்டு. புல்லட்டின் முகமே அதுதான், போகவிடக்கூடாது என்பது எங்கள் கருத்து.

முன் மட்கார்டும் அதன் தாங்கிகளும் இரண்டு ஃபோர்க் கால்களையும் சேர்த்துப் பிடிக்கின்றன. முழுக்க எடுத்தால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் முறுகும், சாலையில் தேங்கிய தண்ணீர் நேராகக் கண்ணில் அடிக்கும். குட்டையாக்குங்கள், எடுத்துவிடாதீர்கள்.

ஹேண்டில்பார் 22 மி.மீ. குழாய். உயரமான அல்லது பின்னுக்கு வளைந்த பார் போட்டால் கிளட்ச், ஆக்ஸிலரேட்டர், முன் பிரேக் கேபிள் மூன்றும் நீளமானவை வேண்டும். மாட்டியபின் இன்ஜினை ஐடிலில் விட்டு, பாரை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்புங்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறினாலும் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அந்த வண்டியில் திருப்பத்தில் போகவே கூடாது.

சைலன்சரை எடுத்துவிட்டு வெறும் குழாய் விடலாமா?

விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸ் தற்காலிகத் தகுதியிழப்பு என்று போகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தடை குறைந்ததும் கலவை பெட்ரோல் குறைந்து மெலியும், இன்ஜின் அதிகச் சூடாகும். காஸ்ட் அயர்ன் சிலிண்டர் சூட்டை மெதுவாகத்தான் விடும். நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் ஜாம் ஆகும்.

உள்ளே பேஃபிள் (சத்தத்தைக் குறைக்கும் தடுப்பு) உள்ள குட்டை சைலன்சர் போடுங்கள். போட்டபின் பிளக்கைப் பாருங்கள். டாப் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, காலியான சாலையில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்றுங்கள். காபிப் பொடி நிறம் சரி. வெளுத்திருந்தால் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) ஓர் அளவு கூட்டுங்கள். கரி படிந்திருந்தால் குறையுங்கள். நடு ஆக்ஸிலரேட்டரில் மட்டும் திணறினால் நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள், பெட்ரோல் கூடும். ஐடிலுக்கு ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறப்பதிலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டும் ஆசையை அடக்குங்கள். மழையில் தண்ணீர் உறிஞ்சும்.

வயரிங்கை எப்படிக் குறைப்பது?

வெட்டுவதற்கு முன் ஒரு தாளில் வரையுங்கள்: பேட்டரி, ஃபியூஸ், சாவி, பிறகு ஒவ்வொரு சர்க்யூட். 12 வோல்ட்டில் 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 1.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள். இண்டிகேட்டர், பின் விளக்குக்கு 0.75 போதும். பேட்டரியிலிருந்து வரும் மெயினுக்கு 2.5. 15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. எல்.ஈ.டி. இண்டிகேட்டர் போட்டதும் படபடவென்று துடித்தால் பழைய ஃபிளாஷரை எடுத்துவிட்டு எல்.ஈ.டி.க்கான ஃபிளாஷர் மாட்டுங்கள்.

புதிதாகப் பூச்சு செய்த வண்டியில் ஹெட்லைட் மங்கி, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கினால், நூற்றுக்குத் தொண்ணூறு எர்த் பிரச்சினை. பவுடர் கோட்டிங் மின்சாரத்தை விடாது. எர்த் போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டி வெறும் இரும்பாக்குங்கள். அதோடு ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து பேட்டரி நெகட்டிவில் சேர்த்துவிட்டால் இந்தத் தலைவலி திரும்ப வராது.

பெயின்டா, பவுடர் கோட்டிங்கா?

சேசிஸுக்கு பவுடர் கோட்டிங், டேங்குக்கு பெயின்ட். பவுடரை 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேக வைப்பார்கள். டேங்கில் சொட்டை அடைத்த பட்டியும் ஈயப் பற்றும் அந்தச் சூட்டைத் தாங்காது. சேசிஸைக் கொடுக்கும் முன் ஸ்டியரிங் கப், இன்ஜின் மவுண்ட், மரைகள் எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பால் மூடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட சேசிஸ் எண்ணை மூடுங்கள். தடித்த பூச்சுக்குள் எண் மறைந்துவிட்டால் ஆர்.டி.ஓ. ஆய்வில் வண்டி நின்றுவிடும். பிறகு சுரண்டினால், அழித்து எழுதியது போலத் தெரியும். சாண்ட் பிளாஸ்டிங் செய்பவரிடமும் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

டேங்கில் பற்றவைப்பு வேலை இருந்தால், பெட்ரோலை வடித்தது போதாது. பல நாள் காலியாகக் கிடந்த டேங்கிலும் ஆவி இருக்கும், வெடிக்கும். சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

பழைய ஸ்பேர் எங்கே தேடுவது? மெட்ரிக் ஸ்பேனர் போதுமா?

சென்னையில் புதுப்பேட்டை. மட்கார்டு, ஹேண்டில்பார், விளக்கு போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக் ஷூ, கேபிள், பேரிங், டயர் எதையும் பழையதாக வாங்காதீர்கள். எண் பொறித்த பாகம் என்றால் பில் இல்லாமல் தொடவே கூடாது.

மெட்ரிக் செட் மட்டும் போதாது. பழைய புல்லட்டில் அங்குல மரைகள் நிறைய. 5/16 அங்குல மரையும் எம்8-உம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று ஏறி இறுகும். அழுத்தினால் அலுமினிய மரை போய்விடும். கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள்.

முடித்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

சிங்கிள் சிலிண்டரின் அதிர்வில் எல்லா நட்டும் தளரப் பார்க்கும். முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை அத்தனை போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள்: இன்ஜின் மவுண்ட், ஹேண்டில் கிளாம்ப், மட்கார்டுத் தாங்கி, சீட் கீல், பின் பிரேக் பிளேட்டைச் சுழலவிடாமல் பிடிக்கும் ஆங்கர். நைலாக் நட்டு போட முடியாத இடங்களில் நீல லாக்டைட் (மரையைப் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும்.

பின்பக்க எடை குறைந்திருப்பதால் பின் பிரேக் முன்பைவிடச் சீக்கிரம் லாக் ஆகும். புது பிரேக் ஷூ படியும்வரை காலியான இடத்தில் முன் பிரேக்கை அதிகம் நம்பி நிறுத்திப் பழகுங்கள். ஈரச் சாலையில் இது இன்னும் சட்டென்று தெரியும்.